கேட்டதைச் சொன்னவர்கள்

(பள்ளங்கியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் சேர்ந்து கூட்டிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன சில ஆண்டு விவரங்களை மட்டும் எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



பூண்டு எடுக்கிற நாளாப் பாத்து கூட்டம் வச்சிட்டாங்க. காட்டு வேலை முடிச்சு, கை கழுவினதும் கழுவாததுமா வந்து உட்கார்ந்திருக்கீங்க. அட்டுவம்பட்டியிலிருந்து மாணவிகள் நடந்தே வந்திருக்காங்க. பனி இறங்குறதுக்குள்ள முடிச்சிடறேன்.

'போரும் மனசும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். நான் மனநல மருத்துவனும் இல்லை, உளவியல் படித்தவனும் இல்லை. வங்கியில் எழுத்தர். பணம் எண்ணுகிறவன், கொஞ்சம் கவிதை எழுதுகிறவன். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே, வங்கிக் கவுண்டரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் மலைக்குக் கீழே, சமவெளியில் ஒரு கிளையில் வேலை பார்த்தேன். பக்கத்தில் இலங்கைத் தமிழர் முகாம். மாசாமாசம் அரசு கொடுக்கிற பணக்கொடை அவங்க கணக்கில் ஏறும். அதை எடுக்க வருவாங்க. அதில் ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், வங்கிக்குள் வரவே மாட்டாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்னுக்கிட்டு பேரனிடம் பாஸ்புக்கையும் படிவத்தையும் கொடுத்து அனுப்புவாங்க. கைநாட்டு வைக்கிறவங்க நேரில் வந்துதான் வைக்கணும். அது விதி. நான் அந்தப் பையனைத் திருப்பி அனுப்பினேன். ஒரு தடவை இல்லை, மூணு மாசம். மூணாவது மாசம் கோபமாகவே சொன்னேன்: "உங்க பாட்டிக்கு என்ன மகாராணின்னு நினைப்பா? உள்ள வரச் சொல்லுடா." பையன் எதுவும் பேசாமல் போய்விட்டான்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது எங்க கிளையின் காவலாளி, துப்பாக்கி வச்சிருப்பாரே அவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, அந்தம்மா உங்களப் பாத்து நிக்கல. என்னப் பாத்து நிக்குது. இதப் பாத்து" என்று துப்பாக்கியைத் தொட்டுக் காட்டினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எனக்கு அந்தப் பார்வை தெரியும். 88-ல நான் அங்க இருந்தேன்" என்றார். எந்த ஊர், என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த மாசம் பணம் ஏறின நாளில், அவரே மேலாளரிடம் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் உள்ளே பெட்டக அறைப் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்தம்மா வந்தாங்க. கைநாட்டு வச்சாங்க. பணத்தை எண்ணாமல் வாங்கிக்கிட்டுப் போனாங்க. அவ்வளவுதான் நடந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? ஈழத்துக்காகக் கவிதை எழுதினவன் நான். 2009-ல் மதுரையில் கல்லூரி மாணவன். முத்துக்குமார் தீக்குளித்த அந்த ஜனவரி மாசம் வகுப்பைப் புறக்கணித்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்தவன். தொண்டை கட்டுகிற வரைக்கும் கோஷம் போட்டவன். அதெல்லாம் தப்பில்லை. ஆனால் அந்தப் போரிலிருந்து தப்பி வந்த ஒரு பொம்பளை என் கவுண்டருக்கு முப்பது அடி தூரத்தில் நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. துப்பாக்கி தூக்கினவருக்குத் தெரிந்தது. நமக்குப் போர் என்றால் கொடி, வரைபடம், தலைவர் படம். அந்தம்மாவுக்குப் போர் என்பது வங்கி வாசலைத் தாண்ட முடியாமல் நிற்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. கேட்பது, கேட்டதை வெளியில் சொல்வது. அந்த வேலையைச் செய்த சில பேரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் யாழ்ப்பாணம். தயா சோமசுந்தரம் என்று ஒரு மனநல மருத்துவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். போர்க்காலத்தின் பெரும்பகுதி அங்கேயே இருந்து வைத்தியம் பார்த்தவர். வடக்கில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற காலம். அவரிடம் வருகிற சனங்கள் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. நெஞ்சு படபடக்குது, உடம்பெல்லாம் நோகுது, தூக்கம் இல்லை, பெருமூச்சு வருது என்று வந்தார்கள். நம்ம ஆஸ்பத்திரிகளிலும் இதேதானே? மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால் அவர் வேலை முடிந்தது. யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர், இந்த நெஞ்சு ஏன் படபடக்கிறது என்று கேட்டார். குண்டு விழுந்ததா, மகனைப் பிடித்துப் போனார்களா, ராணுவ முகாமில் வைத்து அடித்தார்களா, இயக்கம் பிள்ளையைத் தூக்கிப் போனதா என்று கேட்டார். கேட்டதை எழுதினார். 1998-ல் போரினால் தமிழ்ச் சனங்களின் மனசில் விழுந்த வடுக்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் வந்தது. 2014-ல் சமூகத்தின் மேல் விழுந்த வடுக்களைப் பற்றி இன்னொன்று.

இந்த இரண்டு புத்தகத்துக்கும் நடுவில் ஒரு நகர்வு இருக்கிறது. முதலில் தனி மனுஷனின் காயம். பிறகு கூட்டத்தின் காயம். 2007-ல் எழுதிய ஆய்வில் அவர் இதை விரிவாகச் சொல்கிறார்: இத்தனை வருஷப் போரில் குடும்பமும் ஊரும் இயங்குகிற முறையே மாறிப்போச்சு. கூட்டுக் குடும்பம் உடைஞ்சது. பொம்பளைங்க தலையில் எல்லாச் சுமையும் ஏறிச்சு. சனங்கள் ஒருத்தரை ஒருத்தர் நம்புவதில்லை. வாய் திறப்பதில்லை. தலைமை தாங்க ஆளில்லை. யாரையாவது சார்ந்தே நிற்கிறார்கள். இதை ஒவ்வொருத்தருடைய மண்டைக்குள்ளும் தேடினால் கிடைக்காது, ஒருத்தருக்கும் ஒருத்தருக்கும் நடுவில்தான் தேடணும். கூட்டு மனவடு என்று இதைத்தான் சொல்கிறோம்.

இந்த தயா சோமசுந்தரம் இன்னொரு புத்தகத்திலும் பங்கெடுத்தார். 1990-ல் வெளிவந்த 'முறிந்த பனை'. எழுதியவர்கள் நாலு பேர். நாலு பேருமே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள். ராஜன் ஹூலும் ஸ்ரீதரனும் கணிதம். ராஜினி திராணகம உடற்கூற்றியல். தயா மனநலம். இலங்கை ராணுவம் செய்ததை எழுதினார்கள். இந்திய அமைதிப்படை செய்ததை எழுதினார்கள். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம்ம இந்திய ராணுவம் புகுந்து சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், தாதிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதையும் எழுதினார்கள். தோழர்களே, இதுவரைக்கும் நாம கை தட்டுவோம். ஆனால் அவர்கள் அத்தோடு நிறுத்தவில்லை. விடுதலைப் புலிகளும் மற்ற இயக்கங்களும் சொந்தச் சனத்துக்குச் செய்ததையும் அதே பேனாவால் எழுதினார்கள். நம்ம கூட்டங்களில் இந்த இடத்தில்தான் கைதட்டல் நிற்கும்.

புத்தகம் அச்சாகி வெளிவருவதற்கு முன்னாலேயே, 1989 செப்டம்பர் 21 அன்று ராஜினி பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயசு 35. இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். ஒரு காலத்தில் புலிகளுக்கு ஆதரவாக வேலை செய்தவர். புலிகள்தான் சுட்டார்கள் என்று அவருடைய குடும்பத்தாரும் தோழர்களும் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். ராஜன் ஹூலும் ஸ்ரீதரனும் ஊரை விட்டுத் தலைமறைவாக வேண்டியிருந்தது. தலைமறைவாக இருந்துகொண்டே எழுதினார்கள்.

ராஜினி செத்து எட்டு வாரம். 1989 நவம்பர் 16. உலகத்தின் இன்னொரு மூலையில், மத்திய அமெரிக்காவில், எல் சால்வடோர் என்ற சின்ன நாடு. அங்கே ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் ராணுவம் விடியக்காலையில் புகுந்து ஆறு பாதிரியார்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களோடு சமையல் வேலை பார்த்த எல்பா ராமோசையும் அவர் மகள் செலினாவையும் கொன்றது. செத்த பாதிரிகளில் ஒருத்தர் இக்னாசியோ மார்ட்டின்-பாரோ. உளவியல் படித்தவர், அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைத்தலைவர். ஒரு உளவியல்காரரை ராணுவம் ஏன் கொல்லணும்? அவர் ஆயுதம் எடுக்கவில்லை. 1986-ல் கருத்துக் கணிப்புக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார். போரைப் பற்றி, பசியைப் பற்றி, பயத்தைப் பற்றிச் சனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, எண்ணி, வெளியிட்டார். 'மக்கள் எங்க பக்கம்' என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை, சனங்கள் சொல்வது இது, என்று காட்டினார். அந்த நாட்டில் 1980-லிருந்து 1992 வரை நடந்த போரில் சுமார் 75,000 பேர் செத்தார்கள்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டதை என் வார்த்தையில் சொல்கிறேன். போரில் ஒரு பொம்பளைக்குத் தூக்கம் போய்விட்டது என்றால், நோய் அவளிடம் இருக்கிறது என்று எழுதாதே. அவளைத் தூங்கவிடாத சமூகத்தில் இருக்கிறது என்று எழுது. அசாதாரணமான கொடுமைக்கு அவள் மனசு காட்டுவது சாதாரணமான பதில். அவளை மட்டும் சரி பண்ணி அதே கொடுமைக்குள் திருப்பி அனுப்புவதற்குப் பெயர் வைத்தியம் இல்லை. இவருடைய வழியைத்தான் விடுதலை உளவியல் என்கிறார்கள். அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு இது புதுசாகத் தெரியாது. தீண்டாமை தீண்டப்படாதவனிடம் இருக்கிற குறை இல்லை, தீண்ட மறுக்கிறவனிடமும் அவனை அப்படி ஆக்கின அமைப்பிடமும் இருக்கிறது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தானே.

இவர்களுக்கு முன்னோடி ஃபனான். மார்ட்டினிக் தீவில் 1925-ல் பிறந்த கறுப்பர், மனநல மருத்துவர். 1953-லிருந்து அல்ஜீரியாவில் ப்ளிடா என்ற ஊரின் மனநல மருத்துவமனையில் பிரெஞ்சு அரசாங்கத்தின் சம்பளத்தில் வேலை. ஒரு பக்கம் சித்திரவதை பட்டவர்கள் வந்தார்கள். இன்னொரு பக்கம் சித்திரவதை செய்தவர்களும் வந்தார்கள். ஒரு போலீஸ் அதிகாரியைப் பற்றி எழுதியிருக்கிறார். பகலெல்லாம் கைதிகளை அடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் அடிக்கிறவன். வேலையை விட அவனுக்கு மனசில்லை. மனசு உறுத்தாமல் அதே வேலையைத் தொடர்வதற்கு வைத்தியம் பண்ணுங்கள் என்று கேட்கிறான். யோசித்துப் பாருங்கள், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மருத்துவன் என்ன செய்யணும்? 1956-ல் ஃபனான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு விடுதலைப் போராட்டத்தின் பக்கம் போனார். 1961-ல், 36 வயசில் செத்துப்போனார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேறு பதில் சொன்னவர்களும் உண்டு. 2002-லிருந்து அமெரிக்க உளவு நிறுவனம் கைதிகளைத் தண்ணீரில் மூச்சுத் திணற வைத்தும் தூங்கவிடாமலும் விசாரித்த முறையை வடிவமைத்துக் கொடுத்தவர்கள் இரண்டு உளவியலாளர்கள், மிட்செல், ஜெஸ்ஸன். அவர்கள் நடத்திய கம்பெனிக்கு அரசாங்கம் கொடுத்த பணம் 8 கோடி டாலருக்கு மேல் என்று 2014-ல் அமெரிக்க மேலவையின் அறிக்கை சொன்னது. அங்குள்ள உளவியலாளர் சங்கமே ராணுவத்தோடு ஒத்துப்போகிற மாதிரி ஒழுக்கவிதிகளை வளைத்துக்கொண்டது என்று 2015-ல் ஒரு விசாரணை அம்பலப்படுத்தியது. அதற்குப் பிறகுதான் அந்தச் சங்கம், இப்படிப்பட்ட விசாரணைகளில் உளவியலாளர்கள் கலந்துகொள்ளக்கூடாது என்று தீர்மானம் போட்டது. சங்கத்துக்குள்ளேயே வருஷக்கணக்காகச் சத்தம் போட்டவர்கள் இருந்ததால்தான் அதுவும் நடந்தது. ஆகவே மனசைப் படித்தவர்கள் எல்லாரும் நம்ம பக்கம் என்று ஏமாற வேண்டாம். மனசை ஆற்றத் தெரிந்தவனுக்கு மனசை உடைக்கவும் தெரியும்.

காசாவில் இயாத் அல்-சர்ராஜ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1990-ல் அங்கே சமூக மனநலத் திட்டத்தைத் தொடங்கியவர். இஸ்ரேல் ஆக்கிரமிப்பு குழந்தைகளின் மனசை என்ன செய்கிறது என்று உலகம் முழுக்கச் சொன்னார். அதே வாயால், பாலஸ்தீன நிர்வாகத்தின் சிறைகளிலும் சித்திரவதை நடக்கிறது என்று சொன்னார். 1996-ல் பாலஸ்தீன நிர்வாகம் அவரைச் சிறையில் போட்டது. எங்கள் சனம் இஸ்ரேலிய ராணுவத்திடம் பட்ட அடியை எங்கள் போலீசே திருப்பி எங்களிடம் காட்டுகிறது என்பதை அவர் ஒரு மருத்துவராகப் பார்த்தார். 2013-ல் இறந்துபோனார். 2023 அக்டோபருக்குப் பிறகு காசாவுக்கு நடந்ததைப் பார்க்க அவர் இல்லை. அவர் தொடங்கிய திட்டத்தில் வேலை செய்கிறவர்கள் தாங்களே வீடிழந்து கூடாரங்களில் இருந்துகொண்டு அந்த வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. "ரெண்டு பக்கமும் தப்புன்னு சொல்றது நடுநிலைதானே? நடுநிலை எப்பவும் அதிகாரத்துக்குத்தானே லாபம்?"

இரண்டும் சமம் என்று நான் சொல்லவில்லை. 2009-ல் வன்னியில் கடைசி மாசங்களில் 40,000 பொதுமக்கள் வரை செத்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. அதில் பெரும்பகுதி அரசாங்கத்தின் எறிகணைகளால்தான் என்றும் சொன்னது. ஆஸ்பத்திரிகள் மேல் குண்டு விழுந்தது. தப்பி வந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முள்வேலிக்குள் அடைத்தார்கள். வன்னியில் கடைசிவரை நின்ற அரசாங்க மருத்துவர்கள், பார்த்ததைத் தொலைபேசியில் உலகத்துக்குச் சொன்னார்கள். போர் முடிந்ததும் அவர்களைக் கைது செய்து, 2009 ஜூலையில் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்காரவைத்து, சொன்னதெல்லாம் மிகை என்று சொல்லவைத்தார்கள். கேட்டதைச் சொன்னவன் வாயை அரசு எப்படி மூடும் என்பதற்கு அதுவே போதும்.

ஆனால் அதே குழுவின் அறிக்கையில், புலிகள் சனங்களைப் போக விடாமல் தடுத்ததும், தப்பி ஓடினவர்களைச் சுட்டதும், பிள்ளைகளைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததும் இருக்கிறது. எறிகணையில் மகனை இழந்த தாய்க்கு ஒரு தூக்கம், இயக்கம் பிடித்துப்போன மகளை இழந்த தாய்க்கு வேறு தூக்கமா? 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வெட்கத்தை யார் எழுதுவது? அடிபட்டவன் பக்கம் நிற்பது என்றால், அவனை அடித்த கை எந்தக் கொடி பிடித்திருந்தாலும் அடி என்றே எழுதுவது. அதை நடுநிலை என்று சொல்லாதீர்கள். நடுவில் நிற்கிறவனை யாரும் சுடுவதில்லை. ராஜினியைச் சுட்டார்கள்.

இன்னொன்று. நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது. போர் எல்லாத் தமிழரையும் ஒரே மாதிரி அடித்ததா? யாழ்ப்பாணத்தில் உயர் பாதுகாப்பு வலயத்துக்காக ஊரிலிருந்து துரத்தப்பட்டவர்களில் நிலமும் காசும் வெளிநாட்டுச் சொந்தமும் இருந்தவர்கள் முகாமை விட்டு வெளியேறினார்கள். வருஷக்கணக்காக முகாமிலேயே கிடந்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிச் சனங்கள் என்று பரம்சோதி தங்கேஸ் போன்றவர்கள் 2009-லேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். 'தமிழர் துயரம்' என்ற ஒரே சொல்லுக்குள் இதைப் புதைத்துவிட முடியாது. மனவடுவைப் பற்றிப் பேசுகிறவன் சாதியைப் பற்றிப் பேசாவிட்டால் பாதிதான் கேட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

இது எனக்கு ஆய்வு இல்லை, வீட்டுக் கதை. எங்க அப்பத்தா மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1948-ல் குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகச் சனங்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்ம சனங்கள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கு போட்டார்கள். ஆடு மாடு பிரிக்கிற மாதிரி. 1977 கலவரத்தில் எங்க அப்பத்தா இருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்துக் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தாள். வந்து சேர்ந்தது இந்த மலை. வாட்டில் பட்டை உரிக்கிற கூப்பில் முன்பணம் கொடுத்துக் கொண்டு வந்தார்கள். அந்த முன்பணம் அடையவே இல்லை. தாயகம் திரும்பியவர்கள் என்று அரசாங்கக் காகிதத்தில் பெயர். கொத்தடிமை என்பது காட்டுக்குள் இருந்த உண்மை. அவளைப் போலவே அந்தக் கலவரத்தில் அடிபட்டு, கப்பலேறாமல் வன்னிப் பக்கம் போய்க் குடியேறியவர்களும் ஏராளம். அவர்கள் பிள்ளைகள்தான் 2009-ல் முள்ளிவாய்க்கால் வரை ஓடினார்கள்.

எங்க அப்பத்தா தலைமாட்டில் எப்பவும் ஒரு துணி மூட்டை இருக்கும். இரண்டு சேலை, ரேஷன் கார்டு, கடவுச்சீட்டு, கொஞ்சம் அரிசி. தினமும் அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்டுவாள். சின்ன வயசில் நாங்க சிரிப்போம். "எங்க கெளம்பிட்ட அப்பத்தா?" என்போம். அவளும் சிரிப்பாள். 2014-ல் செத்தபோது மூட்டை கட்டினபடியே இருந்தது. 37 வருஷம் ஒருத்தி ஓடுவதற்குத் தயாராகவே தூங்கியிருக்கிறாள். ஈழத்துக்காக ரோட்டில் கத்தின நான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

நம்ம ஊர்களுக்கு வருவோம். போர் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆனால் 1995 ஆகஸ்ட் 31-ல் கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கில் போலீஸ் புகுந்து வீடு வீடாக நொறுக்கியபோது அந்தப் பிள்ளைகளுக்கு அது போர்தான். 1992 ஜூன் 20-ல் வாச்சாத்தி மலைக்கிராமத்தில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்தன. 18 பெண்கள் வன்புணர்ச்சி செய்யப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசாங்க ஊழியர்கள். 2011-ல், உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023 செப்டம்பரில்தான் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருஷம். இத்தனை வருஷமும் அந்தப் பெண்கள் நடந்ததைக் கோர்ட்டில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த ராத்திரி எப்படிப் போயிருக்கும்? உடைந்த ஓட்டுக்கும் எரிந்த நெல்லுக்கும் அரசாங்கம் கணக்குப் போடும். போன தூக்கத்துக்கு எந்தக் கோப்பில் பத்தி இருக்கிறது? உண்மை அறியும் குழு என்று நாமும் எத்தனையோ ஊருக்குப் போயிருக்கிறோம். நம்ம அறிக்கைகளிலாவது அந்தப் பத்தி இருந்ததா?

அதனால் மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ஒரு ஊருக்குப் போனால் யாரையும் பேசச் சொல்லித் தோண்டாதீர்கள். மைக்கை நீட்டாதீர்கள். கொடுமை நடந்த கையோடு ஒருத்தரை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவைப்பது உதவாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அவர்கள் 2011-ல் வெளியிட்ட முதலுதவிக் கையேடு மூன்று சொல்லில் அடங்கும்: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை என்று பார். அவர் சொல்வதை மட்டும், அவர் சொல்கிற வேகத்தில் கேள். சோறு, துணி, சொந்தம், வக்கீல், மருத்துவர், எது வேண்டுமோ அதோடு இணை. இதைச் செய்யப் பட்டம் வேண்டாம். எங்க கார்டு அண்ணன் செய்தது இதைத்தான். பார்த்தார், விலகி நின்றார், கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டாவது, மாத்திரை. தூக்க மாத்திரையைக் கைப்பிடி அள்ளிக் கொடுத்து அனுப்புகிற வழக்கம் இருக்கிறது. எங்க அப்பத்தாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் அப்படித்தான் கொடுத்தார்கள், என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடுமை நடந்த புதிதில் அந்த வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று 2013-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்கிறது. அதற்காக மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போர் நடந்த இடங்களில் ஐந்தில் ஒருத்தருக்கு மேல் மனநலப் பாதிப்போடு இருக்கிறார்கள் என்பது 2019-ல் வந்த அவர்களுடைய மதிப்பீடு. அதில் மருந்து தேவைப்படுகிறவர்கள் உண்டு. நம்ம மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. 14416 என்ற எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பேய் பிடித்தது, செய்வினை என்று அலையவிடாமல் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

மூன்றாவது, உளவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு. நாளைக்கு நீங்கள் அந்த நாற்காலியில் உட்காருவீர்கள். ஒருத்தர் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல், அவர் பெயரோடு வெளியில் சொல்லாதீர்கள். அது துரோகம். ஆனால் நூறு பேர் ஒரே காயத்தோடு வந்தால், நூறு பேரின் பெயரையும் மறைத்துவிட்டு அந்தக் காயத்தின் பெயரைச் சொல்லுங்கள், அதை உண்டாக்கினவன் பெயரையும் சொல்லுங்கள். 'தூக்கமின்மை' என்று எழுதிய வரிக்குக் கீழே 'வீடு எரிக்கப்பட்டது' என்று இன்னொரு வரி எழுத எவ்வளவு மை செலவாகும்? தயா சோமசுந்தரம் எழுதினார். மார்ட்டின்-பாரோ எழுதினார். அவர்களுக்குக் கிடைத்த மேசையைவிட உங்களுக்குக் கிடைக்கப்போகிற மேசை பாதுகாப்பானது.

நான்காவது, நமக்கே. இயக்கத்துக்குள் நம்ம பையன்கள் அடித்தால் அதையும் எழுதணும். ஆயுதத்தைப் புகழ்ந்து நாம எழுதின வரிகளை ஒரு தடவை எடுத்துப் படித்துப் பார்க்கணும். நான் என்னுடையதைப் படித்துப் பார்த்தேன். சிலதை இனி எந்த மேடையிலும் வாசிக்க மாட்டேன்.

அந்தம்மாவைப் பற்றிக் கேட்பீர்கள். நான் மாறுதலாகி மலைக்கு வரும்வரை மாசம் ஒரு தடவை வந்தாங்க. கார்டு அண்ணன் பத்து நிமிஷம் உள்ளே போவார். அவங்களுக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்னைக்கும் தெரியாது. கேட்கிற தகுதியை நான் சம்பாதிக்கவில்லை. கடைசி மாசம் மட்டும், பேரனைத் திருப்பி அனுப்பினதுக்கு மன்னிச்சிருங்கம்மா என்று சொன்னேன். "அது பரவாயில்ல தம்பி, பிள்ளைக்குத்தான் ரெண்டு நடை" என்றார்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களில் எத்தனை பேர் வீட்டில் கட்டின மூட்டை இருக்கிறதோ. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அதைப் பார்த்துச் சிரிக்காதீங்க. பக்கத்தில் உட்காருங்க. அவங்க பேசினா கேளுங்க. பேசலைன்னாலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்க.

பனி இறங்கிடுச்சு. ஜெய்பீம்.